நற்பெயருக்கு மதிப்பெண் போடுவது யார்?

ஒரு நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சல் இன்பாக்ஸில் விழுமா, ஸ்பேமில் விழுமா என்பது அந்த நிறுவனத்தின் கையில் மட்டும் இல்லை. அதன் டொமைனுக்கும் ஐபி முகவரிக்கும் வெளியார் போட்டுவைத்திருக்கும் மதிப்பெண்ணுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைத் தொகுத்து 1997இல் பால் விக்ஸி தொடங்கிய கறுப்புப் பட்டியலும், 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு நிறுவிய ஸ்பாம்ஹாஸ் அமைப்பும் இதற்கு அடிகோலின. இப்போது இத்தகைய பட்டியல்கள் பலவற்றைத் திரட்டி, ஒரு நிறுவனத்தின் பெயர் எங்கே கெடுகிறது என்று இடைவிடாமல் பார்த்துச் சொல்லும் சேவைகள் சந்தாவுக்குக் கிடைக்கின்றன.

உள்ளே இருப்பவர் கண்ணில் படாத கோளாறை இவை வெளியிலிருந்து காட்டிவிடுகின்றன. கார்டியோ லேப்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு ஆய்வுக்குழு 2024 பிப்ரவரியில் அம்பலப்படுத்திய மோசடியில், பெரிய நிறுவனங்கள் கவனிக்காமல் விட்ட துணை டொமைன்கள் ஆயிரக்கணக்கில் ஸ்பேமர்களிடம் சிக்கியிருந்தன. எம்எஸ்என், ஈபே பெயர்களும் அவற்றில் இருந்தன. அஞ்சல் போனது வேறு யாருடைய சர்வரிலிருந்தோ. நிறுவனத்தின் சொந்த லாகில் தடயம் இருக்காது. இப்படிப்பட்ட இடத்தில் வெளிக்கண் இல்லாமல் முடியாது. புதிதாக வழங்கப்படும் டிஜிட்டல் சான்றிதழ்களின் பொதுப் பதிவேட்டைக் கவனித்தால், வங்கியின் பெயரைப் போலவே தோன்றும் போலி டொமைனையும் முன்கூட்டியே பிடிக்கலாம்.

ஆனால் மதிப்பெண் பேசுவது நேற்றைய நடத்தையை. 2020இல் சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழியாக நடந்த ஊடுருவலில், தீய நிரல் அந்த நிறுவனத்தின் சொந்த அப்டேட்டாக, அதன் கையொப்பத்துடனே வந்தது. நல்ல பெயரே திருடனுக்கு நுழைவுச் சீட்டானது. இதற்கு நேர்மாறாக, குற்றமற்றவரும் மாட்டிக்கொள்கிறார். யூசிஇபுரொடெக்ட் பட்டியலின் மூன்றாம் நிலை, ஒரு வலையமைப்பின் முகவரிகளை ஒட்டுமொத்தமாகச் சேர்த்துவிடும். அதே ஹோஸ்டிங்கில் இருக்கும் சிறு வணிகர் அண்டைவீட்டான் தவறுக்குத் தண்டம் கட்டுகிறார்.

பெரிய குறை, முறையீட்டுக்குத் தனிச் சட்டவழி இல்லாமை. கடன் வாங்குவோரின் சிபில் மதிப்பெண்ணில் பிழை இருந்தால் திருத்தக் கோர இந்தியாவில் சட்டம் உண்டு. இங்கே பட்டியல் நடத்துபவரின் விதியே சட்டம். 2006இல் மூடப்பட்ட ஓஆர்டிபி பட்டியல், 2008 மார்ச்சில் கேட்ட முகவரியை எல்லாம் ‘ஸ்பேம்’ என்று சொல்லத் தொடங்கியது. அதை நீக்க மறந்திருந்த சர்வர்கள் நல்ல அஞ்சலையும் திருப்பி அனுப்பின. அதற்காக எல்லாவற்றையும் நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதும் தீர்வாகாது. இ360 என்ற அஞ்சல் விளம்பர நிறுவனம் ஸ்பாம்ஹாஸ் மீது தொடுத்த அமெரிக்க வழக்கில் முதலில் விதிக்கப்பட்ட 1.17 கோடி டாலர் இழப்பீடு, 2011இல் 3 டாலராகச் சுருங்கியது. முதல் தொகையே நிலைத்திருந்தால், ஸ்பேமர் பெயரை எழுத எவருக்கும் துணிவு வந்திருக்காது.

எனவே பொறுப்பு மதிப்பெண்ணைப் பயன்படுத்துபவரிடமே வந்து நிற்கிறது. ஒரே பட்டியலை நம்பி அஞ்சலை மறுக்காமல், சந்தேகமானதைத் தனியே நிறுத்திப் பார்க்கலாம். தன் பெயரே பட்டியலில் ஏறினால், நீக்கக் கோரும் படிவத்தை நிரப்புவதற்கு முன் சர்வர்களையும் டிஎன்எஸ் பதிவுகளையும் அலச வேண்டும். காரணத்தைக் களையாமல் பெயரை மட்டும் எடுக்கவைக்கும் நிறுவனம் மறுபடியும் அதே பட்டியலில் ஏறும். கண்காணிப்புக்குக் கட்டிய சந்தா வீண்செலவாகும்.