இடாத கையொப்பம்: அடிப்படை உளத்தேவைக் கோட்பாடும் வேங்கடராமனின் கடிதமும்

ஆய்வுச் சுருக்கம்

மாணவர் உளநலத்தை அளக்க இன்று பெரிதும் பயன்படுவது எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோரின் தன்னிர்ணயக் கோட்பாடு ஆகும். பின்னாளில் ரமணர் எனப்பட்ட மாணவர் வேங்கடராமன் 1896இல் எழுதி வைத்துச் சென்ற கடிதத்தைக் கொண்டு அக்கோட்பாட்டின் பொருத்தத்தையும் எல்லையையும் இக்கட்டுரை திறனாய்கிறது.

திறவுச்சொற்கள்: உளத்தேவை, தன்னிர்ணயம், மாணவர் உளநலம், ரமணர், கடித இலக்கியம்

முன்னுரை

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, மலையின் தென்புறத்தில் ரமணாசிரமம் அமைந்துள்ளது. 1922இல் மறைந்த அழகம்மாளின் சமாதியைச் சுற்றி அது வளர்ந்தது. ஆசிரமத்துக்கு வருவோர் பலரும் அறிந்த வரலாறு, மதுரையில் ஒரு மாணவர் படிப்பை இடையில் விட்டதில் தொடங்குகிறது. இன்று ஒரு மாணவர் அவ்வாறு வெளியேறினால் அது ‘இடைநிற்றல்’ என்று பதிவாகும். உயர்கல்வி மாணவர்களின் உளநலம் குறித்து ஆராய உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நீதிபதி இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்துள்ள சூழலில், அவ்விரு பெயரிடல்களுக்கும் இடையிலுள்ள தொலைவு ஆய்வுக்குரியதாகிறது.

அளவுகோலும் கலைச்சொல்லும்

மனிதர் எவர்க்கும் தன்னாட்சி, திறனுணர்வு, உறவுணர்வு என மூன்று உளத்தேவைகள் உள்ளன என்பதும், அவை நிறைவேறும்போது நலம் பெருகும் என்பதும் இக்கோட்பாட்டின் மையக் கருத்துகள். 2015இல் சென் முதலியோர் வெளியிட்ட இருபத்துநான்கு கூற்றுகள் கொண்ட அளவுகோல், பெல்ஜியம், சீனா, அமெரிக்கா, பெரு ஆகிய நாட்டு இளையோரிடம் சோதிக்கப்பட்டது. தேவை நிறைவேறாமையும் தேவை நசுக்கப்படுதலும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டியது அதன் சிறப்பு.

தமிழாக்கத்தில் முதல் இடர் கலைச்சொல்லிலேயே எழுகிறது. ‘தன்னாட்சி’ என்றதும் தமிழ்நாட்டு மாணவர்க்குத் தன்னாட்சிக் கல்லூரியும், அக்கல்லூரி தானே நடத்தும் தேர்வுமே நினைவுக்கு வரும். டெசியும் ரயனும் கருதியது பிறரைச் சாராமை அன்று. செய்யும் செயலுக்கு ஒருவர் தம் உள்ளத்தால் உடன்படுதல். தந்தை சொற்படி ஒரு பாடத்தைத் தேர்ந்த மாணவரும், அச்சொல்லை மனமார ஏற்றிருப்பின், இப்பொருளில் தன்னாட்சி உடையவரே. இவ்வேறுபாட்டை விளக்காமல் வினாநிரலை வழங்கினால், குடும்பத்தோடு இணங்கி வாழும் மாணவர் அனைவரும் தன்னாட்சி குறைந்தோராகக் கணக்கிடப்படும் வாய்ப்பு உண்டு.

கடிதம்

1896 ஆகஸ்ட் 29 அன்று, பெயினின் ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மூன்று முறை எழுதும் தண்டனைப் பணியில் வேங்கடராமன் இருந்தார். இருமுறை எழுதியபின் நூலை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இப்படி இருப்பவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்னும் கருத்துப்பட அண்ணன் நாகசுவாமி கடிந்துகொண்டார். பள்ளியில் சிறப்பு வகுப்பு உண்டு என்று சொல்லித் தம்பி புறப்பட, தம் கல்லூரிக் கட்டணத்தையும் வழியில் செலுத்திவிடுமாறு அண்ணன் சொன்னார். அதற்குரிய ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு அவர் வெளியேறினார்.

கடிதம் மிகச் சிறியது. தம் தந்தையைத் தேடி, அவருடைய ஆணைப்படி கிளம்புவதாக அது தொடங்குகிறது. எவரும் வருந்த வேண்டா, தேடிப் பணம் செலவழிக்க வேண்டா என்கிறது. அண்ணனின் கட்டணம் இன்னும் செலுத்தப்படவில்லை என்றும், இரண்டு ரூபாய் உடன் உள்ளது என்றும் அறிவித்து முடிகிறது.

கோட்பாடு இங்கு ஓரளவு நன்றாகவே ஒளி தருகிறது. ஆணைக்குப் பணிதலும் சொந்த முடிவும் இக்கடிதத்தில் ஒன்றையொன்று மறுக்கவில்லை. டெசி, ரயன் கூறும் தன்னாட்சிக்கு இதனினும் தெளிவான சான்று அரிது. திறனுணர்வைப் பொறுத்தவரை, மூன்றாம் முறை எழுதப்படாத பாடம் இயலாமையைக் காட்டவில்லை. அவர் நினைவாற்றல் மிக்கவர் என்பதை வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அப்பணியில் பொருள் காண அவரால் இயலவில்லை என்பதே உண்மை. உறவுணர்வுக்கு அந்த இரண்டு ரூபாயே சான்று. உறவை முற்றும் அறுத்தவர் அண்ணனின் கட்டணத்துக்குக் கணக்குச் சொல்ல மாட்டார்.

ஆனால் கடிதத்தின் மொழியமைப்பு இவ்வளவில் நிற்கவில்லை. ‘நான்’ என்று தொடங்கிய எழுத்து, அடுத்த வாக்கியத்திலேயே தன்னை ‘இது’ என்று சுட்டுகிறது. கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டுமே உள்ளது. தேவை என்றால் தேவைப்படுபவர் ஒருவர் வேண்டும். தன்மை ஒருமையில் அமைந்த இருபத்துநான்கு கூற்றுகளுக்கு ‘இது’ என்று தன்னை அழைப்பவர் எவ்வாறு விடையளிப்பார் என்ற வினாவுக்கு அளவுகோலில் இடமில்லை.

பின்னோக்கிப் படித்தலின் இடர்

இதனால் கோட்பாடு தோற்றது, ஆன்மிகம் வென்றது என்று முடிவுகட்டுவது பெரும்பிழை. 1931இல் வெளிவந்த நரசிம்ம சுவாமியின் வாழ்க்கை வரலாறு, 1896 ஜூலையில் நிகழ்ந்த மரண அனுபவத்துக்குப் பிந்தைய வாரங்களை விவரிக்கிறது. நண்பரிடமும் உறவினரிடமும் பற்றின்மை, உணவில் அக்கறையின்மை, படிப்பில் நாட்டமின்மை, மீனாட்சியம்மன் கோயிலில் கண்ணீர் ஆகியவை அங்கு ஞானத்தின் அறிகுறிகள். இவற்றுள் பெரும்பாலானவை மனச்சோர்வைக் கண்டறியும் பட்டியலிலும் உள்ளவை. முடிவு தெரிந்தபின் எழுதப்பட்ட நூலுக்கு அவற்றைப் பிரித்தறிவதில் இடர் இல்லை. ஆகஸ்ட் 29 அன்று மாலை அக்கடிதத்தைக் கையில் வைத்திருந்த வீட்டாருக்கு அந்த வசதி கிடையாது. இன்று விடுதி அறையில் பேச்சைக் குறைத்துக்கொண்ட மாணவரைக் காணும் விரிவுரையாளரின் நிலையும் வீட்டாரின் நிலையே. வரலாற்றாசிரியரின் நிலை அன்று. ரமணரை மேற்கோளாக்கி அம்மாணவரின் ஒதுக்கத்தை அமைதி என வாசிப்பது அவரைக் கைவிடுவதாகவே முடியும்.

ஒருவரும் வருந்த வேண்டா என்ற வேண்டுகோள் வீட்டில் நிறைவேறவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தாய் அழகம்மாள் 1898இல் பவழக்குன்றுக்கு வந்து மகனை அழைத்து அழுதார். விடை ஒரு தாளில் எழுத்தாக வந்தது, மகன் உடன்செல்லவில்லை. உறவுணர்வை ஒருவர் தரப்பில் மட்டும் அளக்கும் வினாநிரலில் அழகம்மாளுக்கு இடமில்லை.

கேட்கும் முறை

1902இல் விரூபாட்சிக் குகைக்கு வந்த சிவப்பிரகாசம் பிள்ளை தத்துவத்தில் பட்டம் பெற்றவர். வருவாய்த் துறை ஊழியர். ‘நான் யார்?’ நூலின் வினாக்கள் அவருடையவை. ரமணர் அப்போது பேசுவதில்லை; சைகையாலும் எழுதியும் விடையளித்தார். அந்நூல் 1923இல்தான் அச்சேறியது. அதன் பொருள் பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. அது பிறந்த முறை பற்றிக் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. அங்கு வினாவை வகுத்தவர் படித்துமுடித்த இளைஞர். எதிரில் இருந்தவர் விடையளிக்க மட்டுமே செய்தார். இன்றைய உளநல ஆய்வில் வினா முழுவதும் ஆய்வாளருடையது. ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண்ணை வட்டமிடுவது மட்டுமே மாணவருடையது. அளவுகோலின் இறுதியில், மாணவர் தம் சொற்களில் எழுதவும், விரும்பினால் எதிர்வினா எழுப்பவும் அரைப்பக்கம் விடுவது ஆய்வின் நம்பகத்தன்மையைக் கெடுக்காது. அந்த அரைப்பக்கத்தில் தன்மையிடம் எங்கு மறைகிறது, யாருக்குச் சேர வேண்டிய இரண்டு ரூபாய் குறிப்பிடப்படுகிறது என்று படிப்பதற்குப் புள்ளியியலோடு இலக்கியப் பயிற்சியும் வேண்டும். தமிழ்த்துறைகளை உளநல ஆய்வுகளில் எவரும் இதற்காக அழைப்பதாகத் தெரியவில்லை. தமிழ்த்துறைகளும் கேட்டதாகத் தெரியவில்லை.