நஜர் என்றொரு சொல்

செஞ்சிக்காரன் என்பதால் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் நான் முதலில் தேடியது 1750 செப்டம்பரை. பிரெஞ்சுக்காரர்கள் நம்ம கோட்டையைப் பிடித்த மாதம். ஆனால் மாட்டிக்கொண்டது அதற்கு நாலு வருடம் முந்தைய புதுச்சேரிப் பக்கங்களில்.

1746இல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறக்கிறார். அந்தப் பதவிக்காக கவர்னர் துப்ளேக்ஸ் தரப்புக்கும் அவர் மனைவிக்கும் யார் என்ன தரத் தயார் என்பதெல்லாம் பதிவாகிறது, கூச்சமே இல்லாமல், கணக்கு எழுதுவது போல. மேலிடத்துக்குக் கொடுப்பதற்கு அன்று 'நஜர்' என்று மரியாதையான பெயர். வருஷாவருஷம் ஆபீஸ் டிரெய்னிங்கில் நாங்கள் டிக் அடித்துப் பிரிக்கிற அன்பளிப்பும் லஞ்சமும் அந்த ஒரே சொல்லுக்குள் சௌகரியமாக இருந்திருக்கின்றன.

நாட்குறிப்பின் பலம் இந்த வெளிப்படைதான். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அடுத்தவர் பேராசை பிள்ளை கண்ணில் உடனே படுகிறது. கம்பெனிக்குத் துபாஷி, சொந்தக் கணக்கில் வியாபாரி என்ற தன் இரட்டை நிலையை, இன்று 'நலன் முரண்' என்கிறோமே அதை, நான் படித்த பக்கங்களில் அவர் கேள்வியாக்கவே இல்லை.

துப்ளேக்ஸே சொந்த வியாபாரம் செய்தவர், காலம் அப்படி என்பார்கள். சரி. அப்படியானால் போட்டியாளர்கள் கொடுப்பது மட்டும் பிள்ளைக்கு ஏன் உறுத்தியது?