மறுமொழி பெறாத சொல்

2018ஆம் ஆண்டுத் தைப்பூசத்திற்கு முன்னர், பத்துமலைக்குத் தகாத உடையில் வரும் பெண்கள்மீது சாயம் தெளிக்கப்போவதாக முகநூல் குழுவொன்று மிரட்டியது. பண்பாட்டைக் காத்தல் என்பதே அம்மிரட்டலின் போர்வை. கண்டனங்கள் எழுந்தன. எனினும், பெண்ணைக் கண்காணித்துத் தண்டிக்கும் உரிமை தமக்குண்டென இளைஞர் சிலர் எண்ணுதற்கு எந்தத் தமிழ் இடந்தந்தது என்னும் வினா, தண்ணீர்மலையில் தைப்பூசம் காணும் பினாங்குத் தமிழாசிரியர்க்கும் உரியதே.

தொல்காப்பியர் அன்பின் ஐந்திணைக்கு இருபுறமும் கைக்கிளை, பெருந்திணை என இரண்டை நிறுத்தினார். காமவுணர்வு நிரம்பாத இளையவளிடம் பேசி, அவள் மறுமொழி கூறாதிருக்கவும் தன் சொல்லிலேயே தான் இன்புறுபவன் கைக்கிளைக்குரியவன். மடலேறுதலும், காமம் மிக்கு வலிந்து செல்லுதலும் பெருந்திணையின்பாற் பட்டன. இவற்றை அவர் தண்டனைக்குரிய குற்றமென்று கூறவில்லை. ஒத்த அன்பின் வரிசையில் சேர்க்கவில்லை, அவ்வளவே. இத்துணை நுட்பமான பாகுபாட்டை வகுப்பறை 'ஒருதலைக் காமம்', 'பொருந்தாக் காமம்' என்னும் இரு தொடர்களில் முடித்துவிடுகிறது. தேர்வுக்கு அது போதும் போலும்! மடலேறும் தலைவனோ காதல் வீரனாகவே மாணவர் நெஞ்சில் பதிகிறான். எஞ்சியதைத் திரைப்படம் கற்பிக்கிறது: விடாது பின்தொடர்ந்தால் அவள் இசைவாள் என்று. மலேசியச் சட்டம் அவ்வாறு கருதவில்லை. 2023இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 507ஏ பிரிவின்படி, அச்சமோ மனவுளைச்சலோ விளையுமாறு ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்தல் 3 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம்.

திருக்குறளின் 15ஆம் அதிகாரமாகிய பிறனில் விழையாமை, தன்னை அடக்குதலையே ஆண்மை என்கிறது. அரிய இலக்கணம்தான். ஆயினும் அங்கும் பெண் பிறனுக்குரியவளாகவே நிற்கிறாள். 'எவருக்கும் மனைவியல்லாத பெண்ணிடம் நடந்துகொள்ளும் முறை யாது?' என்று நான்காம் படிவ மாணவன் வினவின், அவ்வதிகாரத்துள்ளேயே விடை தேடும் ஆசிரியர் இடர்ப்படுவார். அவ்விடத்தில் கைகொடுப்பது கைக்கிளை நூற்பாவே. அங்கே கணக்கில் கொள்ளப்படுவது கணவனின் உரிமையன்று, அவளுடைய மறுமொழி.

ஜார்ஜ்டவுனில் இயங்கும் பெண்கள் மாற்ற மையம், 1980களிலிருந்து வன்முறைக்கு ஆளானோர்க்குத் துணைநின்று வருவதோடு, பள்ளி மாணவர்க்கும் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கிறது. அத்தகைய பயிற்சியைக் கேட்ட மாணவன் அடுத்துத் தமிழ்ப் பாடவேளைக்கு வருகிறான். ஆங்கே கண்ணகியின் கற்பு மாணவியர்க்கு நெடிய அறிவுரையாகிறது. கோவலனின் ஒழுக்கமோ மாணவர்க்கு ஊழ்வினை என்னும் ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது.