மதச் சுதந்திரம் யாருடையது? மேல்பாதி கோயில் பூட்டப்பட்ட விவகாரம்

மதச் சுதந்திரம் என்றதும் இரு மதத்தாருக்கு இடையிலான பூசலே பலருக்கும் நினைவுக்கு வரும். ஒரே தெய்வத்தை வணங்குவோருக்கு இடையிலும் அக்கேள்வி எழும் என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதி கிராமம் சான்றாகும்.

செஞ்சி, அனந்தபுரம், திண்டிவனம், விழுப்புரம் வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாடு வேரூன்றிய பகுதி. பாரதம் படித்தல், தெருக்கூத்து, தீமிதி ஆகியவை இவ்வழிபாட்டின் அங்கங்கள். மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரல் திருவிழாவின்போது உள்ளே சென்ற பட்டியல் சாதி இளைஞர் தாக்கப்பட்டார். பேச்சுவார்த்தைகள் பலனளிக்காத நிலையில், ஜூன் 7 அன்று வருவாய்க் கோட்டாட்சியர் கோயிலுக்குச் சீல் வைத்தார். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச்சில் பூசைக்காக மட்டும் கோயில் திறக்கப்பட்டது. பட்டியல் சாதி மக்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் உள்ளே சென்று வழிபட்டது 2025 ஏப்ரல் 17 அன்றுதான்.

இதில் சட்டம் தெளிவற்றதாக இல்லை. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 25ஆம் பிரிவு வழிபாட்டு உரிமையை ஒவ்வொரு தனிமனிதருக்கும் வழங்குகிறது. பொதுத்தன்மையுள்ள இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றவும் இடமளிக்கிறது. தமிழ்நாட்டில் ஆலய நுழைவுச் சட்டம் 1947 முதலே நடைமுறையில் உள்ளது. சமயப் பிரிவினருக்கு 26ஆம் பிரிவு தரும் நிர்வாக உரிமையும் ஆலய நுழைவுக்கு உட்பட்டதே என வெங்கட்ரமண தேவரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. ஆகவே "எங்கள் முன்னோர் கட்டிய கோயில், எங்கள் வழக்கம்" என்ற வாதம், பொதுக்கோயிலின் வாசலில் ஒருவரைத் தடுக்கும் உரிமையைத் தராது.

சீல் வைத்ததால் மோதல் தவிர்க்கப்பட்டது எனலாம். ஆனால் அந்நடவடிக்கை, உரிமை கோரியவரையும் அதை மறுத்தவரையும் சமமான இரு தரப்புகளாக்கியது. சட்டம் உறுதிசெய்த உரிமை, 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' எனப் பெயர் மாறியது. "அவர்கள் வரக்கூடாது" என்றவர்களின் நோக்கம் ஏறத்தாழ இரண்டாண்டுகள் நிறைவேறியது. அக்காலத்தில் அவர்களும் வழிபாட்டை இழந்தனர். எனினும், பிறரைத் தடுப்பதற்காகத் தன் வழிபாட்டையும் இழக்கத் துணிவது பக்தியைக் காட்டவில்லை, சாதியின் பிடியையே காட்டுகிறது.

பன்மைச் சமூகத்தில் அரசு நடுநிலை வகிக்க வேண்டியது நம்பிக்கைகளுக்கு இடையில்தான்; உரிமைக்கும் உரிமை மறுப்புக்கும் இடையில் அன்று. பூட்ட வேண்டியது அவசியமானால், எந்த நாளில், யாருடைய பொறுப்பில் எல்லோருக்கும் திறக்கப்படும் என்பதை அந்த உத்தரவே சொல்ல வேண்டும். காவலர் துணையின்றி ஒருவர் சாதாரண நாளொன்றில் உள்ளே சென்று வணங்கித் திரும்ப முடியும்போதே அவ்வுரிமை நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளலாம்.