மார்கழியில் ஒப்பாரி

மார்கழி வந்தால் சென்னையில் சபா சீசன். அதே மாதத்தில், 2020 டிசம்பரில், பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. பறை, கானா, ஒப்பாரி, ஹிப்ஹாப் எல்லாம் ஒரே தொடரில். குறிஞ்சிப்பாடியில் உட்கார்ந்து அந்தக் காணொளிகளைப் பார்த்தபோது எனக்கு மனசு நின்றது ஒப்பாரியில்தான்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல். எங்க பக்கத்துக் கிழவிகள் பார்த்தால் 'எழவுக்கு எவனாவது கைதட்டுவானா' என்று கேட்பார்கள். எனக்கென்னவோ உறுத்தவில்லை. சாவு வீட்டில் பாடுகிறவள் அழுகிற பெண்களில் ஒருத்தி, அவ்வளவுதான். இங்கே அவள் கலைஞர். பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உறுத்துவது வேறு. ஒப்பாரியைத் தனியாளாகப் பாடி முடிக்க முடியாது. ஒருத்தி அடியெடுப்பாள், தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்தவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். செத்தவர்மேல் உள்ள பாசத்தோடு, புகுந்த வீட்டில் பட்ட பாடும் சேர்ந்தே வெளியே வரும். பார்வையாளரைப் பார்த்து மைக்கில் பாடும்போது குரல் வருகிறது, அந்த வட்டம் வருவதில்லை.

கானாவைப் பாருங்கள். வடசென்னையில் அதற்கும் சாவு வீடுதான் களம். மரண கானா ராத்திரி முழுக்க ஓடும். ஆம்பளைகள் பாடிய அதைச் சினிமா தூக்கிக்கொண்டு போனது. பெண்கள் பாடியது எழவு வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. நிகழ்ச்சிப் பட்டியலிலோ இரண்டும் சம்பந்தமில்லாத இரண்டு வகைகள் மாதிரி இருக்கின்றன. ஒரே ராத்திரியில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கலாமே. நாற்காலிகளை எடுத்துவிட்டு, பாடுகிறவர்களை நடுவில் தரையில் உட்காரச் சொல்லலாம்.