ஏரிசும் அதீனையும்: போர்த்தெய்வம் என்னும் பெயர் குறித்து ஓர் ஆராய்ச்சி

பல நாட்டுப் புராணங்களை ஒருங்கு வைத்து ஆராய்வார் நூல்களிற் போர்த்தெய்வம் என்னும் பெயர் பெரிதும் வழங்குகின்றது. கிரேக்கர்க்கு ஏரிசு, உரோமர்க்கு மார்சு, வடபுல மாந்தர்க்குத் தீர், இந்தியர்க்குக் கந்தன் என ஒரே நிரலில் நிறுத்தி, இவரெல்லாம் ஒரு தன்மையர் என முடித்துவிடுதல் அந்நூலார் வழக்கு. தொழில் ஒன்று ஒத்தமை கண்டு இயல்பு முழுதும் ஒத்ததெனத் துணிதல் தருக்கநூலார் உடன்படாத நெறி. ஒரு தெய்வம் போர் செய்தது என்னும் அவ்வளவே அதன் இயல்பை அறிவியாது. அப்போரை எதன்பொருட்டுச் செய்தது, தோற்றாரை என்செய்தது என்பனவற்றையும் நூலினுட் புகுந்து காணல் வேண்டும். அந்நிரலின் முதற்கண் வைக்கப்பெற்ற ஏரிசைக் கொண்டே இதனை ஆராயலாம். அதற்குத் தலையாய சான்று, ஓமர் பெயரான் வழங்கும் இலியத் என்னும் 24 காண்டங் கொண்ட பெருங்காப்பியம்.

போருக்குரிய தெய்வம் போரில் வெல்லுமென்றே கேட்போர் எதிர்நோக்குவர். ஓமர் காட்டுவதோ அதன் மறுதலை. 5-ஆம் காண்டத் தொடக்கத்திலேயே அதீனை என்னுந் தேவி ஏரிசைக் கையைப் பற்றிப் போர்க்களத்தினின்றும் அப்புறப்படுத்தி ஆற்றங்கரையில் இருத்திவிடுகின்றாள். பின்னர் அவன் மீண்டு வந்து திராய் நகரத்தார்க்குத் துணையாகிக் கிரேக்கரைக் கொன்று குவிக்கின்றான். முன்னர்க் கிரேக்கர்க்குத் துணைசெய்வதாக அதீனைக்கும் ஈராவுக்கும் உறுதிகூறியவன் அவனே. அதுபற்றியே பக்கம் மாறுவோன் என்னும் இழிபெயர் அக்காண்டத்தில் இருமுறை அவனுக்குச் சூட்டப்படுகின்றது. அதீனை, பிறர் கண்ணுக்குப் புலப்படாமைக்குரிய தலைக்கவசம் அணிந்து, தயோமீதன் என்னும் மானிட வீரனது தேரிலேறி நிற்கின்றாள். ஏரிசு எறிந்த வேலைக் கையால் தள்ளிவிடுகின்றாள். தயோமீதன் ஓச்சிய வேலை அவளே அழுத்தி ஏரிசின் அடிவயிற்றிற் பாய்ச்சுகின்றாள். ஒன்பதினாயிரவர், பதினாயிரவர் ஒருங்கு கூடி முழங்கினாற்போல அவன் கதறினானென்றும், இருபடையும் அது கேட்டு நடுங்கினவென்றும் புலவர் கூறுவர்.

அதன் பின்னர் நிகழ்வதே சிறப்பாகக் கருதத்தக்கது. ஏரிசு விண்ணகஞ் சென்று தந்தையாகிய சீயசு முன்னர்க் குருதியைக் காட்டி முறையிடுகின்றான். தந்தை இரங்கினானல்லன். தேவருள் எல்லாம் நீயே எனக்கு மிக வெறுக்கத்தக்கவன், பூசலும் போருமே உனக்கு இன்பம் எனக் கடிந்து, மகனாதல் பற்றி மட்டும் மருத்துவனை ஏவிப் புண்ணை ஆற்றுவிக்கின்றான். ஏரிசோ நீராடி நல்லாடை புனைந்து, ஏதும் நிகழாதான்போலப் பெருமிதத்தோடு அத்தந்தையின் அருகிற் சென்று அமர்கின்றான். நாணம் அவனிடத்து இல்லை. 21-ஆம் காண்டத்தில் மீட்டும் அதீனையை எதிர்த்து, அவள் எறிந்த எல்லைக்கல்லால் அடியுண்டு நிலத்தில் நெடுக வீழ்ந்து கிடக்கின்றான், அவள் நகைக்கின்றாள்.

இப்பகுதிகளைக் கண்டோர் பலர், ஏரிசு வெறியின் வடிவம், அதீனை அறிவோடு கூடிய அறப்போரின் வடிவம் எனப் பகுத்து, கிரேக்கர் போரில் அறமும் மறமும் பிரித்துணர்ந்தனரென மகிழ்வர். முருகப்பெருமானை ஏரிசோடு ஒப்பித்தல் பிழையென மறுக்கப் புகுந்தாருட் சிலர், அதீனையோடு ஒப்பித்தலே பொருந்துமென்றும் உரைப்பர். இவ்விரு கூற்றுள் முன்னையதன் முற்பாதி மெய்யே. பிற்பாதியை நூல் தாங்கவில்லை.

4-ஆம் காண்டத்தை நோக்குக. இருபடையும் தெய்வம் அறியச் சூளுரைத்துப் போரை நிறுத்தியிருக்கின்றன. அமைதி வந்துவிடுமோ என்னும் நிலை. அப்போது ஈராவின் வற்புறுத்தலால் சீயசு ஏவ, திராய்ப் படையினன் ஒருவன் வடிவு கொண்டு அதீனை இறங்கி வந்து, பாந்தரன் என்னும் வில்லாளியை அணுகி, மெனலாயன்மேல் அம்பெய்தாற் புகழும் பரிசும் பெறுவாய் எனத் தூண்டுகின்றாள். அவ்வறிவிலி எய்கின்றான். அம்பு உயிர்நிலையிற் படாவண்ணம் விலக்குபவளும் அவளே. உறங்கும் மகவின்மேல் மொய்க்கும் ஈயைத் தாய் ஓட்டுதல்போல என்பது புலவர் காட்டும் உவமை. சூளுறவு முறிகின்றது, போர் மூள்கின்றது. அடுத்த காண்டத்தில் தயோமீதன் எறிந்த வேலைப் பாந்தரனது கண்ணருகே மூக்கிற் பாயும்படி செலுத்துபவள் யார்? அவளே. தான் தூண்டிய குற்றத்திற்குத் தானே தண்டனை நிறைவேற்றுகின்றாள். இவ்விரண்டினையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பார்க்கு அறப்போரின் தேவி என்னும் பெயர் நாவில் எழுமாறில்லை.

6-ஆம் காண்டத்தில் திராய் நகரத்து மகளிர் தம் ஊரிலேயுள்ள அதீனையின் கோயிலிற் சென்று சிறந்த ஆடையொன்றைச் சாத்தி, குழந்தைகளைக் காக்குமாறு வேண்டுகின்றனர். தேவி மறுத்தாளென ஒரே தொடரிற் கூறிப் புலவர் அப்பாற் செல்கின்றார். 22-ஆம் காண்டத்தில் எக்தோர் அஞ்சி ஓடுங்கால், அவன் உடன்பிறந்த தெய்போபனது வடிவில் அவள் தோன்றி, இருவேமாய் நின்று பொருவோம் என்கின்றாள். அவ்வுரையை நம்பி நின்றவன் வேலெறிந்து, மறுவேல் வேண்டித் தெய்போபனை விளித்துத் திரும்புகின்றான், அங்கே ஒருவருமிலர். அக்கிலீசு எறிந்து பிழைத்த வேலையோ அவளே எடுத்து மீட்டும் அவன் கையிற் கொடுத்துவிட்டாள். எக்தோர் தான் வஞ்சிக்கப்பட்டதை உணரும் அவ்விடம் காப்பியத்தின் மிகத் துயரமான இடங்களுள் ஒன்று.

ஆகவே ஓமர் வகுத்த பகுப்பு அறமும் மறமுமன்று. போரின் வெறி ஒருபுறம், போரில் வெல்லுஞ் சூழ்ச்சி மற்றொருபுறம். ஏரிசு கொல்லுவான், வெல்லான். அதீனை வெல்லுவாள், வெற்றி எவ்வழி வந்தது என்பது அவட்குப் பொருளன்று. இங்ஙனம் கொண்டால் இருவர் செயலும் முரணின்றி அமைகின்றன.

ஏரிசை முற்றும் இழித்துவிடவும் புலவர்க்கு மனமில்லை என்பதையும் குறித்தல் நடுவுநிலையாம். அவன் மகன் அசுகலாபன் 13-ஆம் காண்டத்தில் இறந்துபடுகின்றான். தந்தை அதனை அறியாது விண்ணகத்திருக்கின்றான். 15-ஆம் காண்டத்திற் கேட்டவுடன் தொடையில் அறைந்துகொண்டு, சீயசின் இடியேறு தாக்கினும் தாக்குக என எழுகின்றான். அதீனை ஓடிவந்து அவன் தலைக்கவசத்தையும் கேடகத்தையும் வேலையும் பறித்து, பிறர் மக்களும் இறந்தனர், இனியும் இறப்பர் என்று கூறி இருக்கையில் அமர்த்துகின்றாள். அறிவுரை அவளது, அன்பு அவனது. கொலையே தொழிலாயினான் தன் மகன் கொலையுண்டமைக்கு ஆற்றானாதலை அமைத்தது பெரும்புலமை.

வழிபாட்டிலும் கிரேக்கர் ஏரிசை மிகுதியாகப் போற்றினாரல்லர். ஆதென்சு நகர மன்றத்திலிருந்த அவன் கோயில், வேறோரிடத்திற் கட்டப்பெற்றுப் பின்னர் அகசுதசு காலத்திற் பெயர்த்துக் கொணரப்பட்டதென அகழ்ந்தாய்ந்தோர் கண்டனர். இசுபார்த்தாவில் அவனோடு ஒன்றுபடுத்திப் பேசப்படும் எனியாலியன் என்னும் போர்த்தெய்வத்தின் படிமம் விலங்கிடப்பட்டிருந்ததெனவும், அவன் தம்மை விட்டு ஓடாமைக்கு அங்ஙனஞ் செய்தனரெனவும் பௌசானியன் எழுதியுள்ளார்.

உரோமர் மார்சோ வேறு. உரோமுலனுக்குத் தந்தை, ஆண்டின் பழைய முதற்றிங்களாகிய மார்ச்சுக்குப் பெயர் தந்தோன். கி.மு. 2-ஆம் நூற்றாண்டினனாகிய கேட்டோ தன் உழவு நூலில் வயலும் பயிரும் ஆனிரையும் மனையோரும் நலமுற வேண்டும் வேண்டுதலை மார்சுக்கே உரியதாக வைத்தான். கி.மு. 2-இல் அகசுதசு அவனுக்குப் பெருங்கோயில் எடுத்தான். தந்தையால் வெறுக்கப்பட்ட ஏரிசையும் குடிமுதல்வனாகிய இம்மார்சையும் ஒருவரென்பது பெயர் மாற்றிய பிற்காலத்தார் வழக்கேயாம். வடபுலத்துத் தீர், பிணிக்கப்படும் ஓநாய்க்கு உறுதியாகத் தன் வலக்கையை அதன் வாயில் வைத்து இழந்தவன். அவன் கதையில் மேலோங்கி நிற்பது போரன்று, பிணை.

இனி, மார்சென்னும் பெயர் முருகப்பெருமானுக்கு எய்திய வழியும் ஒருவாறு புலனாம். உரோமர் செவ்வாய்க்கோளையும் அக்கிழமையையும் மார்சுக்குரியவாக வைத்தனர். இந்நாட்டுச் சோதிடர் அக்கோளுக்கு முருகப்பெருமானை உரிய தெய்வமாகக் கொண்டனர். வேலும் சேனாபதிப் பெயரும் உடன் சேர, ஒப்புமை முற்றியதென மேனாட்டார் கருதினர். நூல்கள் அதற்கு இடந்தரவில்லை. திருமுருகாற்றுப்படை ஆறு முகங்களுக்கும் தொழில் வகுக்குமிடத்துக் களவேள்வி வேட்பது ஒரு முகமே. இருளுலகுக்கு ஒளி தருவதும், அன்பர்க்கு வரமீவதும், அந்தணர் வேள்வியைக் காப்பதும், முனிவர் தேடும் பொருளை விளக்குவதும், வள்ளியோடு நகையமர்வதும் ஏனைய ஐந்து. ஆறனுள் ஒன்றனை எடுத்துப் பெயராக்குதல் நூல் கல்லாதார் செயல்.

கந்தபுராணப் போரிலும் குருதி பெருகிற்று, அவுணர் எண்ணிறந்தோர் மாண்டனர். அதனை மறைத்தல் ஆகாது. ஆயினும் போர்க்கு முன்னர் வீரவாகுதேவர் தூது செல்கின்றார். சிறைப்பட்ட தேவரை விடுக்கவே கேட்கின்றார். போர் நடுவே சூரபன்மனுக்குப் பெருவடிவு காட்டப்படுகின்றது. சிறுபொழுது அவன் தெளிந்து துதித்துப் பின்னர்ப் பழைய சினத்துட் புகுகின்றான். கடல் நடுவே மாமரமாய் நின்றவன் வேலாற் பிளவுண்டு, மயிலும் சேவலுமாய் எதிர்த்து வருகின்றான். பெருமான் அருணோக்கஞ் செய்ய, அவை பகை நீங்கி ஊர்தியும் கொடியுமாகின்றன. சைவர் மறக்கருணை எனக் கூறுவது இதனையே. பாந்தரனைத் தூண்டியவளும் கொன்றவளும் ஒருத்தியே. அவன் வீழ்ந்தபின் அவன்பாற் சென்ற பார்வை ஒன்றும் அக்காப்பியத்தில் இல்லை.