வேடன் கண்ட மான்

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில், நுபுவ்வத்துக் காண்டத்திலுள்ள ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ நம் இல்லங்களில் பலரும் அறிந்தது. அதனை விரித்துரைப்போர் மானின் முறையீட்டிலேயே உருகி நின்றுவிடுகின்றனர்; வேடனைக் கவனிப்பார் இல்லை. படலத்தின் உயிர் அவனிடத்தில்தான் உள்ளது என்பது நம் கருத்து.

அவன் கொடியவனல்லன், பசித்தவன். சிக்கிய மான் அவனுக்கு வெறும் இறைச்சி. பாலின்றித் தவிக்கும் கன்றுக்கு ஊட்டி மீள்வேன் என்று மான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் மன்றாடுகிறது. காட்டுக்குப் போன விலங்கு திரும்புமா என்கிறான் வேடன். அண்ணலார் அவனை ஏசவில்லை, தாமே பிணையாகிறார்கள். மான் கன்றோடு வந்து நிற்கிறது. தான் கட்டிவைத்தது ஒரு தாயை என்பது அப்போதுதான் அவன் கண்ணில் படுகிறது. ஈமான் கொள்கிறான்; மானும் விடுதலை பெறுகிறது.

வேட்டை குற்றமன்றே எனலாம். உண்மைதான், ஆனால் குற்றவாளியின் கண்ணை மறைப்பதும் இதே திரைதான். சோமனூர் விசைத்தறிக் கூடமொன்றில் பாவு நூல் களவுபோவதாகக் கொள்வோம். திருடியவன் அறிந்தது நூலின் விலை மட்டுமே. அந்நூலோ கூலிக்கு நெய்யக் கொடுத்த ஜவுளிக்காரருடையது. தறிக்காரர் ஈடு சொல்லியாக வேண்டும். தறி நின்ற நாள்களில் ஓட்டுபவருக்குக் கூலியில்லை. வழக்குமன்றத்தில் இவற்றை அவனுக்கு யார் சொல்கிறார்கள்? அங்கே அரசு ஒருபுறம், அவன் ஒருபுறம். இழந்தவர் வெறும் சாட்சி.

கைதிகளின் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டோர்க்கு ஒதுக்க வழிசெய்யுமாறு 1998இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நல்ல ஏற்பாடே. எனினும், தன் கூலி எந்த வீட்டு உலைக்குப் போகிறது என்றறியாதவனுக்கு அது இன்னொரு அபராதம்தான்.

2008இல் வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியைச் சந்தித்தார் ராஜீவ் காந்தியின் மகள் பிரியங்கா. அது அவராக விரும்பிச் செய்தது. அத்தகைய சந்திப்பை எவர்மீதும் சுமத்தலாகாது. உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி, பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி வந்தார். கொன்ற விதத்தை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டார்கள் நாயகம் (ஸல்). பின்னர், தம் கண்ணில் படாமல் இருக்க இயலுமா என்று வினவினார்கள். உமறுவின் காவியம் அந்நாள்வரை செல்லவில்லை. மான் படலத்தை விரிப்போர் இந்நிகழ்ச்சியையும் அதனருகே வைத்துப் பேசுவார்களாக.